அடுத்த வீட்டுக் குழந்தை நடந்துவிட்டது, நம் குழந்தை?

வார இறுதியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. பதினொரு மாதக் குழந்தை ஒன்று தத்தித் தத்தி நடந்து வர, சுற்றியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். அதே மாதத்தில் பிறந்த இன்னொரு குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கிறது. “உன் பிள்ளை இன்னும் நடக்கலையா?” என்று உறவுக்காரர் ஒருவர் கேட்கிறார். அவர் அன்பாகத்தான் கேட்டார். ஆனால், அன்றிரவு அந்தத் தாய்க்குத் தூக்கம் வருவதில்லை.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. கைப்பேசியில் தேடத் தொடங்கினால் ஒவ்வோர் இணையப்பக்கமும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறது. பால் போதவில்லையோ, சீக்கிரம் வேலைக்குத் திரும்பியதுதான் காரணமோ என்று தாய் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார். தந்தை வெளியே சொல்வதில்லை. ஆனால், குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் மற்ற பிள்ளைகளைப் பார்க்கும்போது அவர் மனமும் ஒப்பிடுகிறது. வீட்டில் பெரியவர்களோ, “இவன் அப்பாவே மூணு வயசுலதான் பேசினான், விடு” என்று சமாதானம் சொல்கிறார்கள்.

தேவையில்லாத பயம் ஒரு பக்கம், தேவையான நேரத்தில் தள்ளிப்போடுவது மறுபக்கம். இரண்டையும் தவிர்க்க, வளர்ச்சி அட்டவணையில் உள்ள மாதக் கணக்கு எதைக் குறிக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

வயது ஒன்றல்ல, வரம்பு பெரிது

உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006ல் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையிலும், தனியாக நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையிலும் நிகழலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. அதாவது, மிக முந்தி நடந்த குழந்தைக்கும் மிகப் பிந்தி நடந்த குழந்தைக்கும் இடையே ஒன்பது மாதத்துக்கும் மேல் வித்தியாசம். இரண்டுமே ஆரோக்கியமான குழந்தைகள்தாம்.

அந்த ஆய்வில் ஏறக்குறைய 4 விழுக்காட்டுக் குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டி அவை நேராக நிற்கவும் நடக்கவும் பழகிக்கொண்டன.

அட்டவணைகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதற்கும் காரணம் உண்டு. சில பட்டியல்கள் பாதிக் குழந்தைகள் ஒன்றைச் செய்யும் வயதைக் குறிப்பிடுகின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையம் 2022ல் தன் பட்டியலைத் திருத்தி, 75 விழுக்காட்டுக் குழந்தைகள் செய்யும் வயதை எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரில் குழந்தை பிறந்ததும் தரப்படும் சுகாதாரக் கையேட்டில், பத்தில் ஒன்பது குழந்தைகள் அந்தத் திறனை எட்டியிருக்கும் வயது காட்டப்படுகிறது. முதல் வகைப் பட்டியலில் ஒரு மாதம் பிந்தினால் கவலைப்பட எதுவுமில்லை. கையேட்டில் உள்ள வயதைத் தாண்டினால், பயப்படாமல் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும்போது, வளர்ச்சியை எட்டு மாதக் குழந்தையாகக் கருதியே பார்க்கவேண்டும். பொதுவாக இரண்டு வயது வரை இப்படிக் கழித்துக் கணக்கிடுவார்கள்.

அவசரப்படுத்தினால் நடை வருமா?

சீக்கிரம் நடக்கட்டும் என்று பாட்டி, தாத்தா நடைவண்டி வாங்கித் தருவதுண்டு. குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் சக்கர வண்டி நடையை முந்தச் செய்வதில்லை. மாறாக, அதோடு படிகளில் உருண்டு விழும் ஆபத்து அதிகம். அதனால்தான் கனடா 2004ல் அத்தகைய வண்டிகளுக்குத் தடை விதித்தது.

குழந்தைக்குத் தேவை தரைதான். சுத்தமான பாயில் குப்புறப் போட்டு, முன்னால் ஒரு கிலுகிலுப்பையை வைத்தால், கழுத்தும் தோளும் வலுப்பெறும். நகரத் தொடங்காத குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது இப்படி இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எந்நேரமும் இடுப்பிலோ தள்ளுவண்டியிலோ இருக்கும் குழந்தைக்கு இந்த வாய்ப்பு குறைவு.

பேச்சு தாமதமானால் தமிழை நிறுத்தவேண்டுமா?

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அதிகம் எழும் கேள்வி இது. ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், “ரெண்டு மொழி பேசிக் குழப்பாதீங்க, ஆங்கிலம் மட்டும் பேசுங்க” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பெற்றோரும் அன்றிலிருந்து வீட்டில் தமிழைக் குறைக்கிறார்கள்.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு ஏற்படுவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளும் இரு மொழிகளைக் கற்க முடிகிறது. கணக்கிடும்போதுதான் தவறு நடக்கிறது. “பால்”, “தாத்தா”, “கார்”, “நோ” என்று குழந்தை சொன்னால், அது நான்கு சொல். ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணினால் குழந்தை பின்தங்கியதுபோலத் தோன்றும்.

தமிழை நிறுத்தினால் இழப்பு வேறு வழியில் வரும். தமிழில் சரளமாகக் கதை சொல்லும் பாட்டி, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லோடு நிறுத்திக்கொள்வார். குழந்தை கேட்கும் பேச்சின் அளவே குறைந்துவிடும். எந்த மொழி இயல்பாக வருகிறதோ அந்த மொழியில், குழந்தையின் முகம் பார்த்து நிறையப் பேசுவதே பயன் தரும்.

அதே வேளையில், “இரு மொழி வீடு, அப்படித்தான் தாமதமாகும்” என்று சொல்லி உண்மையான தாமதத்தைக் கவனிக்காமல் விடுவதும் தவறு. பேச்சு தாமதமானால் முதலில் செவித்திறனைச் சோதிப்பது வழக்கம். பிறந்தபோது செய்த செவிச் சோதனையில் தேறியிருந்தாலும், பின்னர் காதில் நீர் சேர்ந்து கேட்கும் திறன் குறையக்கூடும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பின்வருவனவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பரிசோதனை வரட்டும் என்று இருக்கவேண்டாம்:

- 12 மாதத்திலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும், மழலை ஒலி எழுப்பாமலும், விரல் நீட்டியோ கையசைத்தோ எதையும் காட்டாமலும் இருப்பது
- 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாதது
- 18 மாதத்திலும் நடக்காதது
- 24 மாதத்தில் இரண்டு சொற்களைச் சொந்தமாகச் சேர்த்துப் பேசாதது
- ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மறு கையை அசைக்காமல் வைத்திருப்பது
- பேசிய சொல்லையோ பழகிய திறனையோ எந்த வயதிலாவது இழப்பது

இவற்றில் ஒன்று இருப்பதாலேயே குழந்தைக்குக் குறைபாடு என்று முடிவுகட்ட முடியாது. பார்த்துச் சொல்ல நிபுணர் வேண்டும் என்பதே பொருள்.

எங்கே கேட்பது?

பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் திட்டத்தில் உள்ள மருந்தகங்களிலும் குழந்தைகளுக்கான வளர்ச்சிப் பரிசோதனை செய்யப்படுகிறது. சிங்கப்பூர்க் குடிமக்களான குழந்தைகளுக்கு 2020 நவம்பரிலிருந்து இதற்கு முழுக் கழிவு உண்டு. தேவைப்பட்டால் மருத்துவர், கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார். அங்கே குழந்தை வளர்ச்சிப் பிரிவுகள் இயங்குகின்றன. பாலர் பருவத்திலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்களும் இருக்கின்றன.

பரிசோதனைக்குப் போகும் முன், குழந்தை வீட்டில் செய்வதை இரண்டு மூன்று சிறு காணொளிகளாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். புதிய இடத்தில் குழந்தை அழும், பேசாமல் இருக்கும். வீட்டுக் காணொளி மருத்துவருக்கு உதவும். குழந்தையோடு அதிக நேரம் இருக்கும் பாட்டியையோ இல்லப் பணிப்பெண்ணையோ கேட்டுக் குறிப்பெடுத்துச் செல்வதும் நல்லது.

அதே சந்திப்பில் தாய் தன்னைப் பற்றியும் பேசலாம். குழந்தை உறங்கும்போதும் தூக்கம் வராமை, காரணமின்றி அழுகை, நான் நல்ல தாயில்லை என்ற எண்ணம் வாரக்கணக்கில் நீடித்தால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

உறவினர்களும் இதில் உதவ முடியும். “இன்னும் நடக்கலையா?” என்று கேட்பதற்குப் பதில், “இப்போ புதுசா என்ன செய்றான்?” என்று கேட்டுப் பார்க்கலாம். தாய்க்கும் சொல்ல ஏதாவது இருக்கும். நேற்றுவரை எட்டாத பந்தை இன்று எட்டிப் பிடித்த கதை அப்போதுதான் வெளியே வரும்.