உப்புக் காய்ச்சப் போனவர் எதிரியின் மகனான கதை தெரியுமா?

அமெரிக்க விடுதலைப் போர் என்றால் வாஷிங்டனும் யார்க்டவுனும் மட்டும்தானா? அதே போர் அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே, அடர்ந்த காட்டுக்குள்ளும் நடந்தது தெரியுமா? படிக்கப் படிக்க மூச்சு முட்டுகிறது!

1778 பிப்ரவரி. கென்டக்கியின் பூன்ஸ்பரோ கோட்டைக்கு உப்பு வேண்டும். உப்பில்லாவிட்டால் வேட்டையாடிய இறைச்சி கெட்டுப்போகும். அதற்காக ஆட்களுடன் புளூ லிக்ஸ் உப்பு ஊற்றுக்குப் போன குடியேறிகளின் தலைவர் டேனியல் பூன், பிரிட்டிஷார் பக்கம் நின்ற ஷானிப் பழங்குடி வீரர்களிடம் சிக்கிக்கொண்டார். ஆட்களின் உயிர் மிஞ்சினால் போதும் என்று எல்லாரையும் சரணடையச் சொன்னார். அப்புறம் என்ன ஆனது தெரியுமா? ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரையே மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார்! ‘பெரிய ஆமை’ என்று பெயரும் வைத்தார்!

சில மாதங்களில் பூன்ஸ்பரோ மீது படையெடுப்பு வருவதை அறிந்தார் பூன். ஜூன் மாதம் தப்பி, 4 நாளில் சுமார் 260 கிலோமீட்டர் காட்டைக் கடந்து கோட்டைக்கு வந்து சேர்ந்தார். செப்டம்பரில் 400-க்கும் மேற்பட்டவர்களோடு கோட்டை வாசலுக்கு வந்து நின்றவர் யார்? அதே வளர்ப்புத் தந்தை! பேச்சுவார்த்தை முறிந்தது, துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்றங்கரையிலிருந்து கோட்டையை நோக்கிச் சுரங்கம் தோண்டினார்கள் ஷானிகள். கொட்டிய மழையில் அது இடிந்து விழ, முற்றுகையே கலைந்தது. கோட்டையைக் காத்தவருக்குப் பரிசு? ஆட்களைச் சரணடைய வைத்ததற்காகத் துரோகக் குற்றச்சாட்டு, ராணுவ விசாரணை! நல்லவேளை, நிரபராதி என்று தீர்ப்பாகிப் பதவி உயர்வும் கிடைத்தது.

அடுத்த பிப்ரவரியில் இன்னொரு சாகசம். 26 வயது அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க், சுமார் 170 பேரோடு வெள்ளக்காட்டில், தோளளவு குளிர்நீரில் நடந்துபோய் வின்சென்ஸில் இருந்த பிரிட்டிஷ் கோட்டையைப் பிடித்தார். ஆட்கள் நிறைய என்று காட்ட ஏராளமான கொடிகளை உயர்த்திப் பிடித்தார்களாம்! ஆனால் பிடிபட்ட பழங்குடி வீரர்களைக் கோட்டையின் கண்ணெதிரே கோடரியால் வெட்டிக் கொன்றதும் இதே படைதான். அதைச் சொல்லாமல் இந்த வெற்றியை மட்டும் சொல்வது நியாயமில்லை.

இதைவிடக் கொடுமை 1782 மார்ச்சில், ஒஹாயோவின் நாடென்ஹூட்டனில் நடந்தது. பென்சில்வேனியக் குடிப்படையினர் 96 பேரைக் கொன்றார்கள். எல்லாரும் கிறிஸ்தவர்களாகி, ஆயுதம் எடுக்காமல் வாழ்ந்த டெலவேர் பழங்குடி மக்கள். குழந்தைகளையும் விடவில்லை. தப்பியவர்கள் இரண்டே சிறுவர்கள்.

யார்க்டவுனில் பிரிட்டிஷார் சரணடைந்து 10 மாதம் ஆன பிறகும், 1782 ஆகஸ்டில் அதே புளூ லிக்ஸில் பெரும் சண்டை நடந்தது தெரியுமா? பூனின் மகன் இஸ்ரேல் அதில்தான் இறந்தான். 1783 பாரிஸ் உடன்படிக்கையில் ஒஹாயோ நிலமெல்லாம் அமெரிக்காவுக்குக் கைமாறியது. அங்கே குடியிருந்த ஷானிகளைப் பற்றியும் டெலவேர்களைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்குப் போர் 1795 வரை நீண்டது!