மருந்தால் உதிரும் முடி

தலைமயிருக்குத் தமிழில் பெயர்கள் பல. கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, ஐம்பால் என்று மகளிர் மயிரைப் பழம்புலவர் பலவாறு அழைத்தனர். முடி என்னும் சொல்லோ மயிரையும் குறிக்கும். மன்னன் சூடும் மகுடத்தையும் குறிக்கும். மயிருக்கு இத்துணைச் சிறப்பளித்த சமுதாயத்தில் தலை வெறுமையாவது உடலில் நேர்ந்த மாற்றமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அதற்கு இரண்டு பொருள்கள் முன்னரே வழங்கி வருகின்றன. ஒன்று நேர்த்திக்கடன். தைப்பூசத்தன்று பத்துமலையில் முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலையோடு நிற்போரைக் காணாதவர் இந்நாட்டுத் தமிழரில் அரியர். மற்றொன்று துயரம். கணவனை இழந்த மகளிர் கூந்தல் களைந்த வழக்கத்தைப் புறநானூறு காட்டுகிறது. வழக்கம் மறைந்தும் 'முண்டச்சி' என்னும் வசைச்சொல் இன்னும் மறைந்தபாடில்லை. மழித்த தலை என்பதே அச்சொல்லின் வேர்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்ட பெண்ணின் தலை இவ்விரண்டிலும் சேராது. ஆயினும் பார்ப்பவர் கண் பழைய பொருளையே தேடுகிறது. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா முதலிய வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் ஒரு வீட்டுச் செய்தி அன்று மாலைக்குள் லயம் முழுவதும் தெரிந்துவிடும். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குச் சென்றவர்களையும் திருமணத்திலும் திருவிழாவிலும் அதே உறவினர் சந்திக்கின்றனர். ஆகவே நோயைக் காட்டிலும், முடி போய்விடுமே என்ற அச்சம் சிலரைத் தயங்க வைக்கிறது. மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். அதற்குத் தரும் மருந்துகளில் பல முடியை உதிர்ப்பவை. முடி திரும்ப வளரும். தயக்கத்தில் கழிந்த மாதங்கள் நோய்க்கே ஆதாயம்.

முடி உதிர்வது ஏன்? புற்றுநோய் அணுக்கள் விரைந்து பெருகுபவை. விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குமாறே இம்மருந்துகள் அமைந்துள்ளன. ஆனால் நல்லது இது, தீயது இது என்று பிரித்தறியும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. மனிதர் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. அவற்றுள் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு எப்போதும் வளரும் நிலையில் இருப்பவை. அவற்றின் வேரிலுள்ள அணுக்களும் விரைந்து பெருகுபவையாதலால் அடிபடுகின்றன. வாய்ப்புண் வருவதற்கும் இதுவே காரணம்.

எல்லா மருந்தும் இவ்வாறு செய்வதில்லை. புட்டியிலேயே செந்நிறமாகத் தோன்றும் டாக்சோரூபிசின், மற்றும் பாக்ளிடாக்செல், டோசிடாக்செல் ஆகியவை பெரும்பாலும் முழுத்தலையையும் வெறுமையாக்கும். தமாக்சிஃபென் மாத்திரையால் சிலருக்கு முடி மெலிவதுண்டு, அவ்வளவே. கதிர்வீச்சு, படும் இடத்து முடியை மட்டுமே உதிர்க்கும். மார்பில் பாய்ச்சிய கதிர் தலைமுடியைத் தொடாது. முடி உதிராவிடில் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணுவோரும் உளர். அது தவறான எண்ணம்.

முதல் மருந்தேற்றிய இரண்டு அல்லது மூன்று வாரங்களில் உதிர்தல் தொடங்கும். காலையில் தலையணையில் கொத்தாகக் கிடக்கும். குளிக்கும்போது கையோடு வரும். புருவமும் இமைமயிரும் பின்னர் உதிரலாம். இதை முன்னரே அறிந்தவர்கள் அந்நாளுக்கு முன்பே முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வதுண்டு. நீண்ட பின்னல் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழிவதைப் பார்ப்பதினும் இது பலருக்கு எளிது. முழுதும் எடுப்பதானால் சவரக்கத்தி வேண்டா, மின்கத்தரியே நல்லது. சிகிச்சைக் காலத்தில் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும். சிறு கீறலும் புண்ணாகிவிடக்கூடும். சீயக்காய் இட்டு அழுத்தித் தேய்ப்பதையும், முடிச்சாயத்தையும் விட்டு, மென்மையான ஷாம்பூவால் கழுவுவதே போதும்.

சவுரி இங்கே உதவாது. அதை முடிய முடி வேண்டுமன்றோ! பொய்முடி அணிய விரும்புவோர் சொந்த முடி இருக்கும்போதே நிறம் பார்த்துத் தேர்ந்துகொள்வது நலம். ஆயினும் சிலாங்கூரின் புழுக்கத்தில் பொய்முடி வேர்க்கும், அரிக்கும். நூல்துணியே தலைக்கு இதம். வெயிலையும் அது தடுக்கும். பால்மரம் வெட்டிய தாய்மார்கள் நாள்தோறும் தலையில் துண்டு கட்டிக்கொண்டே வேலைக்காட்டுக்குப் போனார்கள். அத்துண்டைக் கண்டு எவரும் காரணம் கேட்டதில்லை. அண்டை வீட்டு மலாய்ப் பெண்டிரின் தூடோங்கும் நமக்குப் பழகிய காட்சியே.

உதிர்வைக் குறைக்கும் முறை ஒன்றும் உண்டு. மருந்தேறும்போது குளிர்தொப்பி அணிவித்தால் தலைத்தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கும். வேருக்குச் செல்லும் மருந்து குறையும். 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தேற்றிய பெண்களுள் தொப்பியணிந்தவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முடியைப் பெரிதும் காத்துக்கொண்டனர். எல்லா மருத்துவமனைகளிலும் இது கிடைப்பதன்று. இரத்தப் புற்றுநோய்க்கு இம்முறை ஆகாது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியானது அந்த இரத்தப் புற்றுநோயே. ஆதலின் மருந்து முடிந்து வகுப்புக்குத் திரும்பும் மாணவன் மொட்டைத் தலையோடுதான் வருவான். 'மொட்டை' என்ற ஒரு சொல் போதும், மறுநாள் அவன் பள்ளிக்கு வர மறுப்பதற்கு. அவன் வருவதற்கு முந்திய நாளே, பெற்றோர் இசைவுடன், ஆசிரியர் வகுப்பில் இதைச் சொல்லிவைப்பது நல்லது: இது தொற்றுநோய் அன்று, மருந்தால் நேர்ந்தது, மீண்டும் முளைக்கும். வகுப்பறையில் தொப்பி கூடாது என்ற விதியை அவனுக்காகச் சற்றுத் தளர்த்தலாம். தொப்பியை அணிவதும் கழற்றுவதும் அவன் விருப்பம்.

மருந்து நின்று ஓரிரு மாதங்களில் பூனைமயிர் போல் முளை தோன்றும். டோசிடாக்செல் ஏற்றிய சிலருக்கு மட்டும் முழுதும் திரும்பாமற் போவதுண்டு; அதனை மருத்துவரிடம் முன்பே கேட்டறியலாம். மற்றவர்க்கு மாதம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். நேராக இருந்த முடி சுருளாக வருவதும், நிறம் சற்று மாறுவதும் உண்டு. ஆறாம் மாதத்தில் சீப்பு தேவைப்படும். பின்னலிட்டுப் பூச்சூட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்.