தோல் படமும் துடைக்கப்படும் தேமலும்

தேமல், மச்சம், புண் எதுவானாலும், அதன் படத்தைக் கணினி ஆராய்வதற்கு முன் அந்தப் படம் சீரமைக்கப்படுகிறது. தோலின் மேல் கிடக்கும் முடி நீக்கப்படுகிறது. எண்ணெய்ப் பளபளப்பு மட்டுப்படுத்தப்படுகிறது. ஓரத்து இருட்டு வெட்டப்படுகிறது. நிறம் சமன் செய்யப்படுகிறது. இதில் எந்தப் படி தவறினாலும் கணினி பார்ப்பது நோயாளியின் தோலை அல்ல, அதைப் போன்ற வேறொன்றை. அந்தத் தவறு வெளியே தெரிவதும் இல்லை. திருத்திய படம் மூலப் படத்தைவிடத் தெளிவாகவே தோன்றும்.

முடி நீக்கம் இதில் மிகப் பழைய வேலை. கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட 'டல்ரேசர்' என்ற மென்பொருள் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. படத்தில் மெல்லிய, நீண்ட, கருத்த கோடுகளை அது தேடும், அவற்றின் இடத்தில் இரு பக்கமும் உள்ள தோலின் நிறத்தைக் கணக்கிட்டு நிரப்பும், பிறகு மெழுகிவிடும். நிரப்பப்பட்ட இடத்தில் இருப்பது ஊகம். மச்சத்தின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய கருங்கோடு முடியாகவும் இருக்கலாம், நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். மென்பொருளுக்கு இரண்டும் கோடுதான்.

நிறத்தைச் சமன் செய்வது இதைவிட ஆபத்தானது. ஒரு படத்தின் எல்லா நிறங்களையும் சராசரி எடுத்தால் சாம்பல் நிறம் வரும் என்ற அனுமானத்தில் பல முறைகள் இயங்குகின்றன. மரம், வானம், சுவர், மனிதர் என எல்லாம் கலந்த படத்துக்கு அது ஓரளவு பொருந்தும். மாநிறத் தோலை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படத்தில் சராசரி பழுப்பாகத்தான் வரும். மென்பொருள் அந்தப் பழுப்பை விளக்கு வெளிச்சத்தின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு சாம்பலை நோக்கி இழுத்துவிடும். தோலின் இயல்பான நிறமே பிழையாகக் கருதப்பட்டுத் திருத்தப்படுகிறது.

தமிழ்நாட்டில் இதன் விளைவை உணரத் தொழுநோயைப் பார்த்தால் போதும். செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமும், வேலூர் அருகே கரிகிரி மருத்துவமனையும் 1955 முதல் இந்நோயோடு போராடிவருகின்றன. 2005 டிசம்பரில் இந்தியா பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. ஆனாலும் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாநிறத் தோலில் ஆரம்ப அடையாளம் பெரும்பாலும் சற்றே வெளிறிய அல்லது சிவந்த ஒரு தேமல். சுற்றுத் தோலுக்கும் அதற்கும் உள்ள சிறு நிற வேறுபாடுதான் கண்ணுக்குக் கிடைக்கும் துப்பு. ஃபிளாஷ் வெளிச்சமும், கைபேசியின் அழகூட்டும் அமைப்பும், கணினியின் மெழுகலும் சேர்ந்து அந்த வேறுபாட்டைத்தான் முதலில் அழிக்கும்.

அந்தத் தேமலின் முக்கியக் குணமோ எந்தப் படத்திலும் வராது. அது உணர்ச்சியற்ற தேமல். பஞ்சு நுனியாலோ பேனா முனையாலோ தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளி அதை உணர்கிறாரா என்று பார்த்தால்தான் தெரியும். முழங்கை, முழங்காலருகே நரம்பு தடித்திருக்கிறதா என்பதும் கைக்குத்தான் தெரியும். ஆகவே தேமல் விஷயத்தில் 'கணினி ஒன்றுமில்லை என்றது' என்பது முடிவாகாது. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் நோய் குணமாகும். தாமதித்தால் நரம்பு பாதிக்கப்பட்டு, கைகால் ஊனம் நிலைத்துவிடக்கூடும்.

சீரமைக்காமல் விட்டாலும் தவறு நேரும் என்பதற்கு 2019இல் வெளியான ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வு சான்று. சந்தேகத்துக்குரிய மச்சத்தைச் சுற்றி மருத்துவர்கள் ஊதா மையால் அடையாளமிடுவது வழக்கம். மை இல்லாதபோது, புற்றுநோய் அல்லாதவற்றை 84.1 சதவீதம் சரியாகச் சொன்ன கணினி, மை இட்ட அதே மச்சங்களில் 45.8 சதவீதத்துக்கு இறங்கியது. மையையே நோயாக எண்ணப் பழகியிருந்தது அது. மைப்பகுதியை வெட்டி நீக்கியதும் பிழை குறைந்தது. சீரமைப்பு தேவையானதுதான். எது நீக்கப்பட்டது என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும், மூலப் படம் கையில் இருக்க வேண்டும்.

கணினி எந்தத் தோலைப் பார்த்துக் கற்றது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆய்வுலகம் பெரிதும் நம்பும் 'ஹாம் 10000' தொகுப்பின் 10,015 படங்கள் வியன்னாவிலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் எடுக்கப்பட்டவை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022இல் பலவகைத் தோல் நிறங்கள் கொண்ட 656 படங்களைத் தொகுத்துச் சோதித்தபோது, பெயர்பெற்ற மென்பொருள்கள் கருந்தோலில் சறுக்கின.

கல்வராயன் மலையில் கரியாலூர் போன்ற ஊரில் இருப்பவருக்குப் படம் அனுப்பும் வசதி சிறிய விஷயமல்ல. தோல் மருத்துவரைப் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் ஒருநாள் கூலி போகும். அந்த வசதி உண்மையில் பயன்பட, எடுக்கும் இடத்திலேயே படம் நன்றாக இருக்க வேண்டும்; அப்போது கணினிக்குத் திருத்தும் வேலை குறையும். எண்ணெய், மஞ்சள், பச்சிலைப் பற்று இருந்தால் கழுவித் துடைத்துவிட்டு, பகல் நேரத்தில், நேர்வெயில் படாத திண்ணை நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், அழகூட்டும் அமைப்பை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தால் உண்மை நிறத்தைக் கணிக்கலாம். தூரத்தில் ஒன்று, நெருக்கத்தில் ஒன்று, மறுபக்கத்துக் கையோ காலோ ஒன்று என எடுத்தால் ஒப்பிட முடியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும். கோப்பாக அனுப்பினால் சுருங்காது. ஆனால் கோப்போடு எடுத்த இடத்தின் விவரமும் போய்ச்சேரக்கூடும் என்பதால் கேமராவில் இருப்பிடப் பதிவை முன்பே அணைத்துவிட வேண்டும். கடையில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. படர்தாமரையின் சிவந்த விளிம்பை அது மங்கச் செய்துவிடும்.

சட்டம் தரும் பாதுகாப்பு நினைப்பதைவிட அதிகம். 2020 மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி செயற்கை நுண்ணறிவுத் தளம் நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. பதிவுபெற்ற மருத்துவருக்குத் துணைநிற்கலாம், அவ்வளவுதான். ஆலோசனைக்குப் பயன்பட்ட படங்களை மருத்துவர் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. மூலப் படத்தைக் கேட்கும் உரிமைக்கு இதுவே வலுவான பிடி. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். அடையாளம் தெரியும் விதத்தில் நோயாளியின் படத்தை மருத்துவர் அனுமதியின்றி வெளியிடுவதும் அதே விதிகளின்படி தொழில்முறை ஒழுங்கீனம்.

அடையாளம் என்பது முகம் மட்டுமல்ல. பச்சை குத்திய எழுத்து, தழும்பு, தேமல் இருக்கும் இடம் இவையே சிறு ஊரில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தொழுநோய் என்ற சொல் ஒரு வீட்டின் மேல் விழுந்தால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுபோகும் சமூகத்தில், முகத்தை மட்டும் மறைப்பது போதவே போதாது.

2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவத் தகவலை நுண்ணுணர்வுள்ளதாக வகைப்படுத்துகின்றன. அதைப் பெறும் நிறுவனம் எழுத்துவழி ஒப்புதல் வாங்க வேண்டும். குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கவனக்குறைவால் தகவல் கசிந்து இழப்பு ஏற்பட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் இழப்பீடு கோரலாம். 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் விரிவானது. ஒப்புதல் கேட்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு, தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை, 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் ஒப்புதல் ஆகியவை அதில் உண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகின்றன. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஆனால் அது அரசுக் கருவூலத்துக்குச் செல்லும்; முக்கியக் கடமைகள் அமலாகும்போது 43ஏ பிரிவும் நீங்கிவிடும். பாதிக்கப்பட்டவர் கைக்கு இழப்பீடு வரும் வழி குறுகுவது இச்சட்டத்தின் பெரிய குறை.

தவறான முடிவால் சிகிச்சை தாமதமானால், கட்டணம் கொடுத்துப் பெற்ற சேவை என்றால் நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையின் இலவசச் சிகிச்சை இதில் வராது. 104 சுகாதார உதவி எண்ணிலும் தமிழ்நாடு மருத்துவ மன்றத்திலும் புகார் செய்யலாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞரை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உறுதி செய்கிறது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் இதற்கு உரியவர்கள். அழைக்க வேண்டிய எண் 15100. மனுவோடு மூலப் படம், அனுப்பிய தேதி, கணினி தந்த முடிவின் நகல், மருத்துவர் எழுதிய சீட்டு ஆகியவற்றை இணைக்க வேண்டும். எனவே படம் அனுப்பிய பிறகும் கைபேசியிலிருந்து மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம்.