முகத்தின் எலும்பும் முறியும்

கையோ காலோ முறிந்தால் உடனே மருத்துவமனைக்கு விரைகிறோம். முகத்தில் அடிபட்டால் மட்டும், "வீக்கந்தானே, வற்றிவிடும்" என்று நாட்களைக் கடத்துகிறோம். முகத்திலும் எலும்புகள் உண்டு. அவையும் முறியும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பினாங்கிலும் நாட்டின் பிற பகுதிகளிலும் மருத்துவர்கள் கண்ட உண்மை ஒன்றே. முக எலும்பு முறிவுகளுக்குச் சாலை விபத்தே முதற்காரணம். அடிபடுவோருள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்கள். கீழே விழுதல், கைகலப்பு, வேலையிடத்து விபத்து ஆகியவை அடுத்த காரணங்கள்.

மிகுதியாக முறிவன கீழ்த்தாடை, கன்ன எலும்பு, மூக்கெலும்பு ஆகியவை. மோவாய் தரையில் மோதினால், அவ்வேகம் தாடை வழியே ஏறிக் காதருகிலுள்ள மூட்டினை முறிப்பதுண்டு. ஆகவே, காயம் ஓரிடத்திலும் முறிவு வேறிடத்திலும் இருக்கக்கூடும். முகத்தின் நடுப்பகுதி முறிவுகளை 1901-ஆம் ஆண்டில் லெ ஃபோர்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மூன்று வகையாகப் பிரித்தார். அப்பிரிவையே மருத்துவர்கள் இன்றும் கையாளுகின்றனர்.

மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போல் பொருந்தாமை, வாய் திறக்க இயலாமை, பொருள்கள் இரண்டாகத் தெரிதல், கன்னம் மரத்துப் போதல், மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. சில வாரங்கள் கடந்தால் எலும்பு கோணலாகக் கூடிவிடும். பின்னர் உணவை மெல்லுவதே துன்பமாகிவிடும். உரிய காலத்தில் சென்றால், கம்பியாலோ சிறு உலோகத் தகட்டாலோ எலும்பினைப் பொருத்திச் சீர்செய்யலாம்.

அடிபட்டவர் நினைவுடன் இருந்து, கழுத்தில் காயமில்லையெனில், அவரை முன்சாய்ந்து அமரச் செய்க. இரத்தம் தொண்டைக்குள் இறங்காது. கழுத்தில் காயமென ஐயம் எழுந்தால் அசைக்காமல் 999 எண்ணை அழைத்திடுக. பெரியவர்களுக்கு விழுந்த பல்லை, வேரைத் தொடாமல் எடுத்துப் பசும்பாலில் இட்டு உடனே கொண்டு செல்க.

மலேசியாவில் 1973-ஆம் ஆண்டிலேயே தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், மண்டையை மட்டும் மூடும் கவசம் தாடையைக் காப்பதில்லை; முகம் முழுவதையும் மூடும் கவசமே சிறந்தது. வாரைப் பூட்டாத கவசமோ விழும்போதே கழன்றோடிவிடும்.

பொழுது புலருமுன் பால்மரம் வெட்டப் புறப்படும் தோழர்களே! இருளில் தோட்டப் பாதையின் குழியும் கல்லும் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளக்கு எரிகிறதா, வார் பூட்டியுள்ளதா என்று பார்த்தபின் புறப்படுவோம். நம் முகத்தைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.