பட்டா யார் பேரில்?

குமுளியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ டீக்கடை பெஞ்சில் பேச்சு ஓடும்போது பிள்ளைகள் கேட்பதுண்டு: “1947-லேயே சுதந்திரம் வந்துவிட்டதே, அப்புறம் 1950-ல் குடியரசு எதற்கு?” நல்ல கேள்வி. ஒரு டீயில் முடியாது, இரண்டாகச் சொல்லிவிடுங்கள்.

முதலில் இந்த மண்ணையே பாருங்கள். பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. வெள்ளையரின் நேரடி ஆட்சி. பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜாவுடையது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். 1947 ஜூனில் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், தங்கள் சமஸ்தானம் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25-ல் அவர் வெட்டுப்பட்டார். அதன் பிறகு சில நாட்களில் மன்னர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்.

ஆகஸ்ட் 15-ல் நாடு கைக்கு வந்தது. ஆனால் எந்தக் காகிதத்தின் பலத்தில்? லண்டன் நாடாளுமன்றம் அந்த ஜூலையில் நிறைவேற்றிய இந்திய சுதந்திரச் சட்டத்தின் பலத்தில். அதன்படி நாம் டொமினியன். மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான். அவர் சார்பில் கவர்னர் ஜெனரல், முதலில் மவுண்ட்பேட்டன், பிறகு நம் ராஜாஜி. ஆட்சி நடந்தது லண்டன் போட்ட 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து. பெரிய வழக்குகளின் மேல்முறையீடு 1949 அக்டோபர் வரை லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இடுக்கிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், பட்டா நம் பேரில் வராதவரை மனசு நிலைக்காது.

அரசியல் நிர்ணய சபை இதைத் தெரிந்தே காரியம் செய்தது. 1949 நவம்பர் 26-ல் அரசியலமைப்பை நிறைவேற்றியபோது, அதைக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதலுக்கு அனுப்பவில்லை. சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கையெழுத்திட்டார். அது போதும் என்றார்கள். 1950-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து நாடு குடியரசானபோது, அதன் கடைசி உறுப்பு 395, இந்திய சுதந்திரச் சட்டத்தையும் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ரத்து செய்தது. சபைக்கு அதிகாரம் தந்த சட்டத்தையே சபை ரத்து செய்துவிட்டது! இனி இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் முகப்புரையில் இருக்கிறது: மக்களிடமிருந்து. கனடாவுக்கு இந்தப் பட்டா முழுதாகக் கைக்கு வர 1982 ஆயிற்று.

அந்தச் சபையில் நம்மவர்களும் இருந்தார்கள். இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் ஆனக்கரையில் பிறந்த அம்மு சுவாமிநாதன் சென்னை மாகாணத்திலிருந்து போனார். திருவிதாங்கூரிலிருந்து போனவர்களில் பி.எஸ். நடராஜ பிள்ளை, மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் மகன்.

மூணாறு தோட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். அதே தமிழ்ச் சனம், அதே தேயிலை, கடலுக்கு அப்பால் இலங்கை மலையகத்திலும் இருந்தது. 1947 தேர்தலில் அவர்கள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. அப்போதைய சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினரைக் காக்க 29(2) என்றொரு பிரிவு இருந்தது. அதை நம்பிக் கோடக்கன் பிள்ளை என்பவர் நடத்திய வழக்கு பிரிவி கவுன்சில்வரை போனது, 1953-ல் தோற்றது. 1972-ல் இலங்கை தன் குடியரசு அரசியலமைப்பைத் தானே எழுதி லண்டனோடு கடைசி முடிச்சையும் அறுத்தபோது, 29(2) அதில் இல்லை. லண்டன் எழுதிய காவல் காக்கவில்லை. சொந்த ஊரில் எழுதியதிலோ அந்தக் காவலும் இல்லை. அந்த நாடற்றவர்களில் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்கள் வண்டிப்பெரியாறுக்கு மேலே கவியில் ஏலத்தோட்டங்களில் இன்றும் இருக்கின்றன.

மூணாற்றில் நடந்தது வேறு. 5-ஆம் உறுப்பு, இந்த மண்ணில் நிலையாகக் குடியிருந்து, இங்கே பிறந்தவரையும் ஐந்தாண்டு வாழ்ந்தவரையும் குடிமகன் என்றது. கொழுந்து கிள்ளிய பெண்ணுக்கும் தோட்டத்து துரையின் வாக்குக்குச் சமமான வாக்கு. பேனா நம் கையில் இருப்பது பாதி. எழுதுகிறவர் யாரையெல்லாம் எண்ணிக் கொள்கிறார் என்பது மீதி.

1956-ல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. அதே ஆண்டு ஏழாவது திருத்தம் 350-அ உறுப்பைச் சேர்த்தது: மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் வசதி செய்ய முயல வேண்டும். 350-ஆ அதைக் கண்காணிக்கத் தனி அலுவலர் ஒருவரை வைத்தது. ஆகவே உங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியர் இடம் காலியாகக் கிடந்தால், மனுவில் கெஞ்ச வேண்டாம். 350-அ என்று எண்ணைப் போட்டே எழுதுங்கள்.