செந்துறைக்குத் தலைமையிடம் எது?

செந்துறைக்காரர் ஒருவர் பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுக்க வெளியூர் போக வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸ் உள்ளூரிலேயே இருக்கிறது. அங்கே வேலை நடக்காவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு அரியலூர் கலெக்டர் அலுவலகம் போவார். ஆனால் எம்.எல்.ஏ.வுக்கு அவர் ஓட்டுப் போடுவது குன்னம் தொகுதியில். குன்னம் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. எம்.பி.க்கு ஓட்டுப் போடுவது சிதம்பரம் தொகுதியில். சிதம்பரமோ கடலூர் மாவட்டம். ஒரே குடும்ப அட்டைக்காரருக்கு மூன்று மாவட்டத்தோடு உறவு. மூன்றில் எது தன் ஊரின் தலைமையிடம் என்று அவரிடம் கேட்டால், எந்தக் காரியத்துக்கு என்று திருப்பிக் கேட்பார்.

1995 வரை பதில் ஒன்றுதான்: திருச்சி. பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் என்று வடகிழக்கே நீண்டு கிடந்த தாலுகாக்கள் எல்லாம் திருச்சி ஜில்லா. ஜெயங்கொண்டத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கலெக்டரைப் பார்க்கப் போகிறவர் விடியற்காலையில் பஸ் ஏறினால் இரவுதான் வீடு திரும்புவார். அதிகாரி இல்லையென்றால் அந்த நாள் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. இரண்டரை நூற்றாண்டு சோழர்களின் தலைநகராக இருந்த கங்கைகொண்டசோழபுரம் இந்தச் சீமையில்தான் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒரு கையெழுத்துக்காக ஒரு பகலைப் பறிகொடுத்த காலம் அது.

1995இல் திருச்சி மூன்றாகப் பிரிந்தது. கரூர் ஒரு மாவட்டம், பெரம்பலூர் ஒரு மாவட்டம். தலைமையிடமாகும் வாய்ப்பு சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருந்த பெரம்பலூருக்குக் கிடைத்தது. மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு அது பெரிய விடுதலை. கிழக்குப் பக்கத்துக்கு அப்படியில்லை. ஜெயங்கொண்டத்துக்காரர் அரியலூரைத் தாண்டித்தான் பெரம்பலூர் போக வேண்டும். ரயில் நிற்கும் ஊர், சிமெண்ட் ஆலை உள்ள ஊர், பழைய மழவராயர்களின் பாளையம் என்று பெயர் பெற்ற அரியலூர், ரயிலே வராத பெரம்பலூருக்குக் கீழே வந்ததில் அந்தப் பக்கத்தாருக்கு மனத்தாங்கல் இருந்தது இயல்புதான்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2001 ஜனவரி 1ஆம் தேதி அரியலூர் தனி மாவட்டமானது. ஆட்சி மாறியது. 2002 மார்ச் 31ஆம் தேதி அந்த மாவட்டம் கலைக்கப்பட்டு மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. பதினைந்து மாத ஆயுள். திரும்பவும் ஆட்சி மாறியது. 2007 நவம்பர் 23ஆம் தேதி அரியலூர் மீண்டும் மாவட்டமானது. ஏழே ஆண்டில் மூன்று முறை கோடு போட்டும் அழித்தும் விளையாடியிருக்கிறார்கள். கோப்புகள் போயின, வந்தன. அலுவலர்கள் போனார்கள், வந்தார்கள். ஓய்வூதியத்துக்கும் சாதிச் சான்றுக்கும் அலைந்தவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக வழி கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். மாவட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதில் அரசுகளுக்கு மாறுபட்ட கருத்து இருக்கலாம், தவறில்லை. ஆனால் ஓர் ஊர் எந்த மாவட்டம் என்பதைச் சென்னையில் போடும் அரசாணை ஒன்றே தீர்மானிக்கிறது. அந்த ஊரின் கிராம சபையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்பட வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்த மூன்று முறையில் எந்த முறை செய்தது சரி என்று வாதாடுவதைவிட, மூன்று முறையும் கேட்காமலே செய்தார்கள் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மாவட்டமானதால் கிடைத்தது கொஞ்சமல்ல. அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். ரெட்டிபாளையம், தளவாய், கோவிந்தபுரம் என்று சிமெண்ட் ஆலைகளின் வரிசை. சுரங்கம் உள்ள மாவட்டத்துக்கே ஒரு பங்கு போய்ச் சேரும்படி 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் வந்தன. எல்லைக் கோடு எங்கே விழுகிறதோ அங்கே அந்தப் பணம் விழும். தூசி யார் வீட்டு மாடத்தில் படிகிறதோ அவர்களுக்கே அந்தப் பணம் வர வழி பிறந்தது, அரியலூர் தனி மாவட்டமாக இருந்ததால்தான். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. மாவட்டத்துக்கொரு கல்லூரி என்ற கணக்கில் வந்தது அது. பெரம்பலூரின் ஒரு தாலுகாவாகவே இருந்திருந்தால் வந்திருக்காது. அந்தப் பட்டியலில் பெரம்பலூர் இல்லை.

ஆக, அலுவலகம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அதே காலத்தில் பிரதிநிதி தூரமாகப் போனார்.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட தொகுதிக் கோடுகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன. வரகூர் தனித் தொகுதி போயிற்று. ஆண்டிமடம் தொகுதி போயிற்று. குன்னம் என்று புதிதாக ஒன்று வந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தோடு அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கம் சேர்ந்தது. 2006இல் ஆண்டிமடத்தில் வென்ற எஸ்.எஸ்.சிவசங்கர் 2011இல் குன்னத்தில் நின்று வென்றார். தொகுதி கலைந்தால் தலைவர்கள் பக்கத்துத் தொகுதி பார்த்துக்கொள்வார்கள். ஆண்டிமடத்து வாக்காளருக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. தன் ஊர்ப் பெயரில் சட்டமன்றத்தில் ஒரு நாற்காலி இருந்தது, இப்போது இல்லை.

நாடாளுமன்றத் தொகுதியில் நடந்தது இதைவிடப் பெரிது. பெரம்பலூர் தொகுதிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1962இல் இரா.செழியனை மக்களவைக்கு அனுப்பிய தொகுதி அது. பிறகு பல பத்தாண்டுகள் தனித் தொகுதி. இந்த மாவட்டத்துக்காரரான ஆ.இராசா 1996, 1999, 2004 என்று மூன்று முறை இங்கே வென்றார். 2009 முதல் அது பொதுத் தொகுதி. அவர் நீலகிரிக்குப் போனார். தனித் தொகுதி எது என்பது மக்கள்தொகை விகிதப்படி மாறக்கூடியது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இன்றைய பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளைப் பாருங்கள்: குளித்தலை, லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், பெரம்பலூர். ஆறில் ஒன்றுதான் பெரம்பலூர் மாவட்டம். நான்கு திருச்சி மாவட்டம். குளித்தலை காவிரிக்குத் தென்கரையில், கரூர் மாவட்டத்தில். இந்த மாவட்டத்தின் இன்னொரு தொகுதியான குன்னமோ, அரியலூர், ஜெயங்கொண்டத்தோடு சேர்ந்து சிதம்பரத்துக்குப் போய்விட்டது. பெயர் பெரம்பலூர், வாக்காளரில் பெரும்பான்மையோர் காவிரிப் படுகையிலும் கொள்ளிடக் கரையிலும் இருக்கிறார்கள்.

இதனால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்பவர்கள் பெரம்பலூருக்கு ரயில் கேட்டு எழும் குரலைக் கவனிக்கட்டும். ஒவ்வொரு நாடாளுமன்றத் தேர்தலிலும் அது வாக்குறுதியாக வருகிறது, எந்தக் கட்சி என்றில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிச் சீமை இது. சரக்கு ஏற்ற ரயில் கேட்பது அநியாயமான ஆசையல்ல. ஆனால் எம்.பி.யாகிறவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது தலையாய கோரிக்கை இல்லை. குளித்தலையில் ரயில் நிற்கிறது, லால்குடியில் நிற்கிறது. அவர்கள் கவலை வாய்க்கால் தண்ணீரும் நெல் கொள்முதலும். அதுவும் நியாயமான கவலையே. எம்.பி. நல்லவரா கெட்டவரா என்பது இங்கே விஷயமில்லை. எவர் வந்தாலும் காய்ந்த நிலத்துக்காரனின் குரல் ஆறில் ஒன்று.

அரியலூர்ப் பக்கமும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. சிதம்பரம் தொகுதியில் பாதி கடலூர் மாவட்டம், பாதி இந்தப் பக்கம். அங்கே மும்முறை வென்ற தொல்.திருமாவளவனின் சொந்த ஊர் செந்துறை வட்டாரத்து அங்கனூர். 2019இல் அவர் வென்றது 3,219 வாக்கு வித்தியாசத்தில். அவ்வளவு நெருக்கமான போட்டியில் எந்த வட்டாரம் எந்தத் தொகுதியில் சேர்க்கப்பட்டது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். கோடு போடுவது வெறும் கணக்கு வேலை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கீழே இறங்கி ஊராட்சிக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டத்தில் 121 கிராம ஊராட்சிகள், அரியலூரில் 201. 2011 கணக்கின்படி 5,65,223 பேரோடு தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர். இங்கே ஊராட்சிதான் அரசு. பிரெசிடெண்ட்தான் மக்கள் நேரில் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய ஒரே ஆள். 1994 ஊராட்சிச் சட்டப்படி 1996இலிருந்து ஒழுங்காக நடந்து வந்த தேர்தல் 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. பிறகு வார்டுகளை 2011 கணக்குப்படி புதிதாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள். 2017 இறுதியில் வரைவு வந்தது. 2019 டிசம்பர் வரை தனி அலுவலர் ஆட்சி. மூன்று ஆண்டுகள் வார்டு மெம்பர் கிடையாது, பிரெசிடெண்ட் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. தெரு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பணம் இல்லாமல் ஊர்கள் திண்டாடின. 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த வார்டுப் பிரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நாலாயிரம் பேர் உள்ள ஊரில் வார்டு என்பது இரண்டு மூன்று தெரு. காலனித் தெருவை இரண்டாகக் கிழித்து இரண்டு வார்டில் போட்டால், அந்தத் தெருக்காரர் இரண்டிலும் சிறுபான்மை. ஒரு மெம்பரைக்கூடத் தங்கள் பலத்தில் அனுப்ப முடியாது. தாய் கிராமத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குக்கிராமத்தைத் தாய் கிராமத்துத் தெருவோடு ஒட்டினால், அந்தக் குக்கிராமத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் கடைசியில்தான் வரும். இந்த வரைவுகள் யூனியன் ஆபீஸ் பலகையில் ஒட்டப்படும் தாள்கள். சர்வே எண்ணும் தெருப் பெயரும் நெருக்கியடித்த அந்தத் தாளைப் படித்து, கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுப்பது களை எடுக்கப் போகிறவரால் ஆகிற காரியமா?

இதை வேறு விதமாகச் செய்கிற நாடுகள் உண்டு. பிரிட்டனில் வேல்ஸ், நம் சீமை போலவே சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் நாடு. அங்கேயும் மேலிருந்து கோடு போட்டுப் பட்டிருக்கிறார்கள். 1974இல் பெம்ப்ரோக்‌ஷையர், கார்மார்தன்ஷையர், கார்டிகன்ஷையர் என்ற மூன்று பழைய மாவட்டங்களைக் கலைத்து டைவெட் என்று ஒன்றாக்கினார்கள். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1996இல், டைவெட் கலைந்து மூன்றும் திரும்பின. அரியலூர்க்காரருக்கு இந்தக் கதை விளங்கச் சிரமமிருக்காது. ஆனால் அவர்களிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: உள்ளாட்சி எல்லைகளை ஆராய நிரந்தரமாக ஓர் ஆணையம். தேர்தல் நெருங்கும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் அமைப்பல்ல அது. முறை வைத்து ஒவ்வொரு மன்றமாக எடுத்து ஆராய்கிறது. வரைவை வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு, வாரக்கணக்கில் அவகாசம் கொடுத்து, யார் எழுதினாலும் வாங்கிக்கொள்கிறது. யார் என்ன சொன்னார்கள் என்பதை இறுதி அறிக்கையில் பதிகிறது. வார்டுக்கு என்ன பெயர் வைப்பது என்பதுகூட அங்கே கருத்துக் கேட்கும் விஷயம்.

இங்கே நாமாகப் போய்ச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வருகிறது: அடுத்த நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை பற்றித் தமிழ்நாடு முழுக்கப் பேச்சு. நமக்கு எத்தனை எம்.பி. குறையும், இன்றைய 39 தொகுதி என்னவாகும் என்ற பயம் நியாயமானது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்ற கேள்வியில் நானும் மாநிலத்தோடு நிற்கிறேன். ஆனால் எண்ணிக்கை முடிவான மறுநாள் கோடு போடுவார்கள். அப்போது பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் ஆகிய நான்கும் ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரவேண்டும் என்று இங்கிருந்து யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து 2011இல் பதிமூன்று லட்சம் பேர். இன்றைய தொகுதி அளவுக்கு அதோடு துறையூர்ப் பக்கமோ காட்டுமன்னார்கோவில் பக்கமோ இன்னும் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் சேர்க்க வேண்டும். கட்சிகள் அதைச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். அவை தங்கள் ஓட்டுக் கணக்கைத்தான் எழுதிக் கொடுக்கும். இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 322 ஊராட்சிகள் இருக்கின்றன. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வருகிற பிரெசிடெண்ட்டுகள் முதல் கிராம சபையிலேயே இதை ஒரு தீர்மானமாக எழுதி, ஊரார் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளலாம். ஆணையம் கருத்துக் கேட்க எந்த நகரத்தில் உட்கார்ந்தாலும் அந்தத் தாளோடு போய் நிற்கலாம்.