வக்ஃபு நிலமும் ஆவணத் தேடலும்

கோடியக்கரைப் பகுதியில் வக்ஃபு நிலமொன்றின் உரிமையை நிறுவ வாய்மொழி மரபு மட்டும் போதாது. முதலில் 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தை, 2013, 2025ஆம் ஆண்டுகளின் திருத்தங்களுடன் நாம் பயிலுதல் வேண்டும். அடுத்து, அரசிதழில் வெளியான வக்ஃபுப் பட்டியலைக் காண வேண்டும். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல்தான்; ஆகவே முந்திய அரசிதழ்களையும் இனாம் பதிவேடுகளையும் தஞ்சாவூர் மாவட்டத் தலைப்பிலேயே தேடுதல் முறை. நிலவரித் திட்டப் பதிவேட்டின் பழைய புல எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிடாவிடில், வேறொரு நிலத்தை நமதென்று வாதிட நேரும்.

இறுதியாகத் தீர்ப்புத் திரட்டுகள். இனாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ்த் தனியொருவருக்குப் பட்டா வழங்கப்பட்டமையால் வக்ஃபுத் தன்மை அழிந்துவிடாது என, ஆந்திரத்தைச் சார்ந்த சையத் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. ஆயினும் பதிவேடின்றி இத்தீர்ப்பை மட்டும் காட்டினால், ‘எந்த நிலம்?’ என்னும் வினாவுக்கு நம்மிடம் விடையிராது.